பறவையைப் பார்த்தவர் பெயரும் முகவரியும்

அகுவாலார்காவில் அந்த ஆண்டு பறவை என்ற சொல்லுக்குச் சிறகு இல்லை. காவ்கா பள்ளத்தாக்கிலிருந்து நம்பர் பலகை இல்லாத காரில் மலையேறி வருவார்கள். பில்லியர்ட்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு கறுப்புக் காபி குடிப்பார்கள். சொல்லிவிடப்பட்ட வீட்டுக்குப் போய், சொல்லிவிடப்பட்ட ஆளைச் சுட்டுவிட்டு, வந்த வழியே பறந்துவிடுவார்கள். அவர்களுக்குத்தான் அந்தப் பெயர். நிஜப் பறவைகள் பெயரை இழந்து நின்றன. "கூரையில ஒரு சிறகு வச்சது உட்கார்ந்திருக்கு" என்றுதான் மக்கள் சொன்னார்கள். கோழியை மட்டும் கோழி என்றே சொல்லலாம். அதில் ஆபத்து இல்லை.

இந்த ஊருக்குத்தான் கல்வித் துறையின் சுற்றறிக்கை எண் 47 மே மாதம் வந்தது. ஒரே அறை கொண்ட பள்ளிக்கூடத்தின் ஒரே ஆசிரியை எதெல்மிரா பெஹாரானோ அதை மூன்று முறை படித்தாள்.

இனி மாணவர்கள் அறிவியலை மனப்பாடம் செய்யக் கூடாது. பார்த்து, பதிந்து, சரிபார்த்துக் கற்க வேண்டும். அதற்கு ஏற்றது பறவை. ஒவ்வொரு குழந்தையும் நான்கு வாரம் பறவைகளைக் கவனித்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். எங்கே உட்கார்ந்தது, எத்தனை, என்ன நிறம், எப்படிக் குரல் கொடுத்தது, என்ன தின்றது, எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசைக்குப் போனது. கடைசிப் பத்தி மற்றவற்றைவிடப் பெரியது: பார்த்தவரின் முழுப்பெயர், பெற்றோர் பெயர், வீட்டு முகவரி.

எதெல்மிரா துறைக்குக் கடிதம் எழுதினாள். இந்த ஊரில் அந்தச் சொல்லில் ஒரு சிரமம் இருக்கிறது, பறவைக்குப் பதில் வண்ணத்துப்பூச்சி பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். பதில் ஒரு வாரத்தில் வந்தது. உள்ளூர் வழக்குகளைத் துறை அங்கீகரிப்பதில்லை. பறவை என்றால் பறவை. வண்ணத்துப்பூச்சிக்கு ஒதுக்கீடு அடுத்த ஆண்டு.

அவள் படிவங்களைக் கொடுத்தாள். முப்பத்தெட்டுக் குழந்தைகளும் வாங்கிப் படித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முதல் வாரம் செவ்வாய்க்கிழமை காலை, காபி வியாபாரி மிசாயெல் கிராஹாலெஸை அவருடைய தோட்டத்திலேயே பறவைகள் கொன்றன. புதன்கிழமை நீதிபதி இருபத்தாறு பேரை விசாரித்தார். இருபத்தாறு பேரும் ஒன்றும் பார்க்கவில்லை. பில்லியர்ட்ஸ் கடைக்காரர் அன்று முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நீதிபதி அதைத் திருத்தமான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். அவருக்கும் குடும்பம் இருந்தது.

வெள்ளிக்கிழமை குழந்தைகள் படிவங்களைத் திருப்பித் தந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: ஒன்றும் பார்க்கவில்லை. சிலவற்றில் அது அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. எதெல்மிரா அவற்றைக் கட்டித் தலைநகருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

துறை நிம்மதியாக இல்லை. முப்பத்தெட்டுக் குழந்தைகள் ஏழு நாள் பார்த்தும் ஒரு பறவைகூட இல்லை என்பது இயற்கைக்கு மாறானது என்று பதில் வந்தது. ஆசிரியையின் ஈடுபாட்டில் ஐயம் எழுகிறது. ஆய்வாளர் நேரில் வருகிறார்.

டாக்டர் பெலிசாரியோ அர்போலேதா திங்கள்கிழமை காலை துறை ஜீப்பில் வந்தார். அவர் யாருக்கும் வைத்தியம் பார்த்தவரில்லை. டை கட்டியவர்களை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள். கழுத்தில் தொலைநோக்கி, கையில் முத்திரைப் பெட்டி. வகுப்பின் நடுவே நின்று தொண்டையைச் செருமினார்.

"பிள்ளைகளா, நம்ம கொலம்பியாவுல இருக்கற அளவு பறவை உலகத்துல வேற எங்கயும் கிடையாது. இது நமக்குப் பெருமை. நான் முப்பது வருஷமா பறவைங்களோடதான் பழகறேன். காலையில எங்க ஆபீஸ் மாடியிலயே வந்து உட்காரும். செயலாளர் தன் கையாலயே தீனி போடுவார். கூப்பிட்டா வரும், போகச் சொன்னா போகும்."

ஒரு குழந்தை எழுந்து வெளியே ஓடியது. வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் காத்திருந்து தொடர்ந்தார்.

"பறவையால நாட்டுக்கு என்ன லாபம்? தோட்டத்துல வேண்டாத பூச்சி பெருகிப்போகுது. அதைப் பொறுக்கறது யாரு? பறவை. பெரிய தோட்டக்காரங்களைக் கேட்டுப் பாருங்க, அருமை தெரியும். அதனாலதான் சட்டமே அதுங்களைப் பாதுகாக்குது."

"சட்டமேவா டாக்டர்?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"பின்னே? ஒரு பறவை மேல கை வச்சுப் பாரு கண்ணு. நேரா ஜெயிலு."

எதெல்மிரா இருமினாள். "டாக்டர், பிள்ளைங்க களைச்சிருக்காங்க..."

"ஒரு நிமிஷம் டீச்சர். பிள்ளைகளா, பயந்தா அறிவியல் இல்ல. பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்லணும். பறவை உங்களை ஒண்ணும் செய்யாது. இந்த வகுப்புல ஒருத்தர்கூடவா பார்க்கல?"

மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. நோஹெமி. பதினோரு வயது. பில்லியர்ட்ஸ் கடைக்கு நேர் எதிரே ரொட்டிக் கடை வைத்திருக்கும் ரொசால்பாவின் மகள். எதையும் பாதியில் விடத் தெரியாத பெண். கணக்குப் பாடத்தில் அது நல்ல குணமாகத்தான் இருந்தது.

"நோஹெமி, உட்காரு" என்றாள் எதெல்மிரா.

"டாக்டர் கேட்கறாரே டீச்சர்."

"உட்காருன்னு சொன்னேன்."

"அம்மா சொன்னபடி ஒண்ணு எழுதினேன், அனுப்பிட்டீங்க. நிஜமா பார்த்தது இன்னொண்ணுல இருக்கு." பூகோளப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்து, மடிப்பை நீவி, டாக்டரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"செவ்வாய், காலை ஆறு பத்து. பில்லியர்ட்ஸ் கடை வாசல் கம்பி. எண்ணிக்கை இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியதின் முதுகு பழுப்பு. மார்பு மஞ்சள். தலை கறுப்பு, சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. குரல்: பெரியது மட்டும், ஒரே பாட்டு, மூன்று முறை. தீனி: பாலாடைக்கட்டி ரொட்டி, நான்கு. போன திசை: மிசாயெல் தோட்டம். திரும்பியது ஏழு ஐந்துக்கு. குறிப்பு: திரும்பும்போது பாடவில்லை. குழாயடியில் நெடுநேரம் குளித்தது."

வகுப்பு முழுவதற்கும் ஆள் அடையாளம் தெரிந்தது. அந்தப் பழுப்பு, தோளில் போடும் ருவானா. அந்த மஞ்சள், சட்டை. வெள்ளைக் கோடு, தொப்பியின் பட்டை. நீதிபதியிடம் இருபத்தாறு பேர் சொல்லாததை ஒரு குழந்தை பத்தி பிரித்து எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

டாக்டரின் கண் கலங்கியது. "பிச்சோஃபுவே! சந்தேகமே இல்ல. பழுப்பு முதுகு, மஞ்சள் மார்பு, தலையில பட்டை. குளிக்கறதைக்கூடக் கவனிச்சிருக்கா பாருங்க! மாவட்டம் முழுக்கத் தேடினேன் டீச்சர், நேர்மையான பார்வை இது ஒண்ணுதான். முதல் பரிசு. துறை இதழ்ல முழுப்பெயரோட வரும்." முத்திரைப் பெட்டியைத் திறந்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு முறை குத்தினார். "அந்த மிசாயெல் தோட்டத்துல மரம் நிறைய இருக்குமோ?"

"இருக்கு டாக்டர்" என்றாள் எதெல்மிரா. "மரமெல்லாம் இருக்கு."

மதியம் டாக்டருக்கு மேயர் வீட்டில் விருந்து. படிவத்தை எப்படியாவது திரும்ப வாங்கிவிட எதெல்மிரா அங்கே போனாள். தாழ்வாரத்து மேசையில் கோழி சான்கோச்சோ சூப்பில் ஆவி பறந்தது. மேயர், டாக்டர், இவர்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒருவர். மஞ்சள் சட்டை. நாற்காலி முதுகில் பழுப்பு ருவானா தொங்கியது.

"வாங்க டீச்சர், சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றார் டாக்டர். "இவர் தோன் தார்சீசியோ. பறவை விஷயத்துல இவரைவிட அனுபவசாலி இந்த மலையிலயே இல்லன்னு மேயர் சொல்றார்."

மேயர் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தார்சீசியோ எழுத்துகளின் அடியில் விரலை வைத்து, உதடு அசையப் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அதைக் கொஞ்சம் திருப்பிக் குடுங்க. எழுத்துப் பிழை இருக்கு."

"முத்திரை குத்தியாச்சே டீச்சர். முத்திரை குத்தின பார்வையைத் திரும்ப வாங்க விதி கிடையாது."

"அப்ப பேரையாவது மாத்துங்க. என் பேரைப் போடுங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன், அவ எழுதினா."

"பார்த்தது யாரு? அவதானே? பேரில்லாத பார்வைக்கு என்ன பேரு தெரியுமா? வதந்தி." டாக்டர் இதை ரசித்துச் சொன்னார். பிறகு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

தார்சீசியோ படித்து முடித்தார். "நல்ல கையெழுத்து" என்றார். "குழந்தை வீடு எங்க?"

"கடைசிப் பத்தியில பாருங்க" என்று டாக்டர் சாய்ந்து சுட்டிக்காட்டினார். "அதுக்குத்தான் அவ்வளவு இடம் விட்டிருக்கோம். சுற்றறிக்கையில சரிபார்ப்புன்னு ஒரு கட்டம் இருக்கு, நிபுணர் ஒருத்தர் பார்வையாளரைச் சந்திச்சுக் கேள்வி கேட்கணும். நீங்களே செஞ்சா துறைக்குப் பெருமை."

"செய்யலாம்" என்றார் தார்சீசியோ. "வீட்டுக்குப் போகட்டுமா?"

"பள்ளிக்கூடத்துக்கு வாங்க" என்றாள் எதெல்மிரா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நாளைக் காலையில. வகுப்பே இருக்கும்."

அவர் அவளை முதல் முறையாகப் பார்த்தார். "சரி டீச்சர். வகுப்பே இருக்கட்டும்."

ரொட்டிக் கடையில் ரொசால்பா மாவுக் கையோடு நின்றாள். செய்தி எதெல்மிராவுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"ஒண்ணும் பார்க்கலன்னு எழுதுடின்னேன். எழுதினா. பின்னால இன்னொண்ணையும் எழுதி ஒளிச்சு வச்சிருக்கா. வீட்ல நான் கண்ணைத் தாழ்த்தச் சொல்லிக் குடுக்கறேன், நீங்க அங்க உட்கார்ந்து பார், பார்னு சொல்லிக் குடுக்கறீங்க. உங்களுக்குப் பிள்ளை இருந்தா செய்வீங்களா டீச்சர்?"

"பஸ் எப்போ?"

"வியாழக்கிழமை. அதுவும் மேயர் சீட்டுக் குடுத்தாத்தான் ஏத்துவான்."

"அப்ப அது பறவையாத்தான் இருக்கணும்."

"எது?"

"நோஹெமி பார்த்தது."

ரொசால்பா அவளையே பார்த்தாள். பிறகு அடுப்பிலிருந்து இறக்கிய பாலாடைக்கட்டி ரொட்டியில் நான்கை எடுத்து ஒரு துணியில் கட்டிக் கொடுத்தாள்.

அன்று பிற்பகல் எதெல்மிரா முப்பத்தெட்டுப் பேரையும் பள்ளியின் பின்புறம் கூட்டிப்போனாள். தந்திக் கம்பியில் பிச்சோஃபுவே ஒன்று உட்கார்ந்திருந்தது. பழுப்பு முதுகு, மஞ்சள் மார்பு, தலையில் கறுப்பும் வெள்ளையும். மதில்மேல் ரொட்டியைப் பிய்த்து வைத்தார்கள். தூரம் அளந்து, தள்ளி நின்று, சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். பதினேழாவது நிமிடம் இறங்கியது. தின்றது. கம்பிக்குப் போனது. மறுபடி இறங்கியது. ஒரு சட்டியில் தண்ணீர் வைத்ததும் அதில் மூன்று முறை பாய்ந்து முங்கி, சிறகை உதறியது. வாயில் ரொட்டி இருக்கும்போது அது கத்துவதில்லை என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். உண்மையா என்று பார்க்க இரண்டு முறை திரும்பச் செய்தார்கள். இரண்டு முறையும் கத்தவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்.

சுற்றறிக்கை எண் 47 கேட்ட அறிவியல் அந்த மாவட்டத்தில் நடந்தது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான். அதுவும் ஒரு பொய்யை நிரூபிப்பதற்காக.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு நம்பர் பலகை இல்லாத கார் பள்ளி வாசலில் நின்றது. கூட வந்த சின்னவன் காரிலேயே இருந்தான். தார்சீசியோ உள்ளே வந்தார். படிவத்தில் எழுதியிருந்த நிறங்கள் அத்தனையும் அதே வரிசையில் உள்ளே வந்தன. தொப்பியைக் கழற்றவில்லை. டாக்டர் அவருக்கு ஆசிரியையின் நாற்காலியைப் போட்டார்.

"யாரு நோஹெமி?"

நோஹெமி எழுந்தாள். எதெல்மிரா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ பார்த்தது பறவைதானா?"

"பிச்சோஃபுவே சார்."

"ரொட்டி தின்னுமா அது?"

"தின்னும் சார். நேத்து வச்சுப் பார்த்தோம். நாலையும் தின்னுச்சு."

"தோட்டத்துக்கு எதுக்குப் போச்சு?"

நோஹெமி எதெல்மிராவைப் பார்த்தாள். "பூச்சி பிடிக்க" என்றாள் எதெல்மிரா.

"குழந்தையைக் கேட்டேன் டீச்சர். திரும்பி வரும்போது பாடலைன்னு எழுதியிருக்க. ஏன் பாடல?"

"வாயில இரை இருந்தா பாடாது சார். ரெண்டு தடவை திரும்பப் பார்த்தோம்."

"திரும்பப் பார்த்தோம்! கேட்டீங்களா?" என்று டாக்டர் தொடையைத் தட்டினார்.

"ஏன் குளிச்சுது?"

"அழுக்கா இருந்துச்சு சார்."

தார்சீசியோ தொப்பியின் விளிம்பை விரலால் தடவினார். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு நல்ல ஆய்வாளருக்கு அது இருக்க வேண்டிய குணம்.

"சரி. எல்லாரும் பார்த்திருக்கீங்க. அது எப்படிக் கத்தும்? கத்திக் காட்டுங்க."

யாரும் கத்தவில்லை. அந்தக் குருவியின் பெயரே அதன் குரல்தான். ஸ்பானிய மொழியில் பிச்சோ என்றால் பூச்சி. மனிதனைச் சொன்னால் ஈனப் பிறவி. ஃபுவே என்றால், அதுதான் செய்தது. காலையில் கம்பியில் உட்கார்ந்து அது கத்தும்போது அகுவாலார்காவின் காதில் இப்படித்தான் விழும்: அந்தப் பூச்சிதான், அந்தப் பூச்சிதான்.

"என்ன, மறந்துபோச்சா?" என்றார் தார்சீசியோ. "அப்ப பார்த்தது பறவை இல்லியோ?"

நோஹெமி வாயைத் திறந்தாள். மெல்லிய குரலில், "பிச்சோ-ஃபுவே" என்றாள்.

பின்பெஞ்சிலிருந்து இன்னொரு குரல். பிறகு சன்னலோரம். பிறகு முப்பத்தெட்டும். கவனிக்கும்போது பறவையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று நேற்றுத்தான் கற்றிருந்தார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. பிச்சோ-ஃபுவே! பிச்சோ-ஃபுவே!

"இன்னும் சத்தமா! தொண்டையிலேர்ந்து!" டாக்டர் எழுந்து கையை வீசித் தாளம் போட்டார். குரல் சன்னல் வழியே தெருவுக்குப் போனது. எதிர்ச் சாரியில் ஒரு கதவு திறந்தது. இரண்டாவது கதவு. தெருக்கோடியில் பில்லியர்ட்ஸ் பந்துகளின் சத்தம் நின்றது. காரிலிருந்த சின்னவன் இறங்கி, எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றான்.

"போதும்" என்றார் தார்சீசியோ.

அவர் சொன்ன பிறகும் அவர்கள் இன்னும் மூன்று முறை கத்தினார்கள். எதெல்மிராவும் கத்திக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு நின்ற பிறகுதான் தெரிந்தது.

தார்சீசியோ பேனாவை வாங்கி, சரிபார்ப்புப் பத்தியில் மெதுவாகத் தன் பெயரை எழுதினார். துறையின் வரலாற்றில் ஒரு பறவை தானே கையெழுத்திட்டு உறுதிசெய்த பார்வை அதுவாகத்தான் இருக்கும். நகல் ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர்" என்றார். "ரொம்ப நல்லா."

யாரும் நோஹெமியைத் தேடி வரவில்லை. கார் மட்டும் ஒவ்வொரு காலையும் ரொட்டிக் கடைக்கு எதிரே வந்து நின்றது. முதலில் ஒரு மணி நேரம். பிறகு மதியம் வரை. தார்சீசியோ கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடையைப் பார்ப்பார். அவரும் பத்தி பிரித்துக் கவனிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

ரொசால்பா ஊரைவிட்டுப் போகச் சீட்டுக் கேட்டாள். மேயர் மறுத்தார். "மாவட்டத்தோட முதல் பார்வையாளரை எப்படிம்மா வெளியூர் அனுப்பறது? ஊர் மானம் என்ன ஆகறது?" துறை இதழ் அவர் மேசையில் விரிந்து கிடந்தது. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் நோஹெமியின் பெயர், தாயின் பெயர், தெரு, கதவு எண்.

ஜூலையில் சுற்றறிக்கை எண் 48 வந்தது. பறவைத் திட்டத்தின் மாபெரும் வெற்றியைத் தொடர்ந்து, ஆறுள்ள ஊர்களின் பள்ளிகள் இனி ஆற்றை ஆராய வேண்டும். மாணவர்கள் கரையில் அமர்ந்து, மிதந்து வருவனவற்றைப் பதிய வேண்டும். எண்ணிக்கை, அளவு, நிறம், எவ்வளவு நாள் நீரில் கிடந்திருக்கும் என்ற மதிப்பீடு. அகுவாலார்காவில் இப்பணியைச் செல்வி நோஹெமி தலைமையேற்று நடத்துவார். அவர் பெயர் ஒவ்வொரு படிவத்திலும் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது.

அந்த ஆண்டு ஈஸ்டருக்குப் பிறகு அந்த ஊரில் யாரும் ஆற்று மீன் தின்பதில்லை. துணி துவைக்கப் போகும் பெண்கள் நீரோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் துவைப்பார்கள்.

எதெல்மிரா சுற்றறிக்கையை வகுப்பில் படிக்கவில்லை. மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். ஆனால் படிவக் கட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நோஹெமி தன் பெயரைப் பார்த்துவிட்டிருந்தாள். பள்ளி விட்ட பிறகு மேசையருகே வந்து நின்றாள். கையில் சீவிய பென்சில்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"தெரிஞ்ச முகமா இருந்தா பேரும் எழுதணுமா?"